மாக்கிரட் கழுவிய சட்டி

மாக்கிரட் மொன்ட்ரியாலுக்கு வந்து எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் அவள் செய்ததெல்லாம் கழுவுகிற வேலைதான். முதலில் ஒரு விடுதியின் குளியலறைகள். பிறகு மூன்று வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான தரைகள். அதன் பிறகு ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தாச்சிகள். இந்தப் பெப்ரவரியிலிருந்து அவள் கழுவுவது, அறுநூறு வருடத்துக்கு முன்பு உடைந்துபோன மண்சட்டிகளின் ஓடுகளை.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் விசாரிப்பவர்களிடம் “ஒரு லாப்பில வேலை” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். அவர்கள் இரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருத்தி, தன் சீனி வருத்தத்துக்கு மாம்பழம் சாப்பிடலாமா என்றுகூடக் கேட்டாள்.

உண்மையில் அது ஒரு சின்னத் தொல்லியல் நிறுவனம். எங்காவது தெருவை அகலமாக்கவோ பாலம் கட்டவோ போகும்போது, மண்ணுக்குள் பழைய மனிதர்கள் விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தோண்டிப் பார்க்கவேண்டும். அந்த வேலைக்கு இவர்களைக் கூப்பிடுவார்கள். தோண்டி எடுத்ததெல்லாம் பைபையாக, நகரத்தின் வடக்கே ஒரு பழைய தையல் தொழிற்சாலையின் நிலக்கீழ்த் தளத்துக்கு வந்துசேரும். அங்கே யன்னல் கிடையாது. நீளமான ஒரு கழுவுதொட்டி, அதற்கு மேலே இரண்டு குழல் விளக்கு, பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய வரைபடம். மாக்கிரட் தொட்டியின் முன்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, பல்துலக்கும் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு துண்டாக மண் போகக் கழுவி, வலைத்தட்டில் காயவைப்பாள். எந்தப் பையிலிருந்து வந்த துண்டோ அந்தப் பையின் அட்டை அந்தத் தட்டிலேயே இருக்கவேண்டும். தூரிகை, பச்சைத் தண்ணீர், விரல். வேறெதுவும் தொடக்கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

சுவரில் இருந்த வரைபடம் இந்த வருடம் தோண்டிய ஊரினுடையது. சென் லோரன்ஸ் நதியின் தென்கரையில் ஒரு சோளக்காட்டுக்கு அடியில் அந்த ஊர் இருந்தது. வெள்ளைக்காரரின் கப்பல் அந்த நதிக்குள் வருவதற்கு நூறு வருடம் முந்திய ஊர். நீண்டு படுத்த ஏழு வீடுகள். அவற்றைச் சுற்றி மூன்று வரிசை மரவேலி. வேலிக்கு நட்ட மரங்கள் உக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டாலும், நட்ட குழிகள் மட்டும் கறுத்த வட்டங்களாக நிலத்தில் தெரிந்தனவாம். படத்தில் அவை புள்ளிபுள்ளியாக இருந்தன. அலுப்பான நேரங்களில் மாக்கிரட் அந்தப் புள்ளிகளை எண்ணுவாள். வேலிக்குள் போக ஒரேயொரு இடைவெளிதான் இருந்தது.

அந்த வீடுகளைப் பற்றி அவளுக்குச் சொன்னவள் றொஷினி. நகரத்தின் புறத்தே கர்க்லாண்டில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் இதையே படித்துக்கொண்டு இங்கே வேலையும் பார்த்தாள். ஓடுகளுக்கு இலக்கம் எழுதுவது அவள் வேலை.

“ஒரு வீட்டுக்குள்ள ஆறேழு குடும்பம் அன்ரி. நடுவில வரிசையா அடுப்பு. ஒரு அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். வீடு பொம்பிளையளின்ரை. கலியாணம் கட்டினா மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வரவேணும்.”

மாக்கிரட் இதை இமெல்டாவிடம் சொன்னாள். மொன்ட்ரியால்-நோரில் ஒரு நிலக்கீழ் வீட்டை இருவரும் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். இமெல்டா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் நிற்பவள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

“மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்கு வாறதெண்டா எங்கட ஆக்கள்தானே!” என்றாள் இமெல்டா. “சீதனம் எவ்வளவாம்?”

“சீதனம் இல்லையாம்.”

“அப்ப எங்கட ஆக்கள் இல்லை, விடு.”

இப்படிச் சிரித்துப் பேசும்போதும் மாக்கிரட்டின் மனதில் ஒரு மூலை எப்போதும் இறுகியே இருக்கும். அவளுடைய அகதி விண்ணப்பம் நாலு வருடத்துக்கு முன்பே நிராகரிக்கப்பட்டுவிட்டது. கணவனை ஆயுதக்காரர் வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிப்போனது உண்மை. அவன் திரும்பி வராததும் உண்மை. ஆனால் அவள் அதன் பிறகு ஆறு வருடம் மன்னார்ச் சந்தையில் மீன் விற்றிருக்கிறாள். உண்மையான பயம் இருந்திருந்தால் ஒரு பெண் ஆறு வருடம் சந்தையில் உட்கார்ந்து மீன் விற்றிருக்கமாட்டாள் என்று ஓர் அதிகாரி நாலு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டார். மீன் விற்காவிட்டால் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று அந்த நாலு பக்கத்தில் எங்கேயும் கேள்வி இல்லை.

இப்போது மிஞ்சியிருப்பது மனிதாபிமான விண்ணப்பம் ஒன்றுதான். அதுவும் மேசை மேசையாகத் தவழ்ந்து, கடைசியில் ஓர் அதிகாரியின் கைக்கு வந்திருந்தது. இந்த நாட்டில் ஒழுங்காக வேலை செய்து வேரூன்றியிருக்கிறாள் என்பதற்கு இன்னும் அத்தாட்சி வேண்டும் என்று கேட்டிருந்தார். செப்டெம்பர் மூன்றாம் வெள்ளி, பின்னேரம் நாலு மணிக்கு முன் வேலைத்தலத்துக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி, அவளுக்காக விண்ணப்பம் போட்ட சட்டத்தரணியின் கந்தோரில் திட்டமாகச் சொல்லிவிட்டார்கள். “வந்தவ, வேலை செய்தவ எண்டு மட்டும் கடிதம் வேண்டாம், அக்கா,” என்று அங்கே வேலை செய்யும் பெண் விளங்கப்படுத்தினாள். “நல்லவ, கவனமானவ, இவ இல்லாட்டி எங்களுக்குக் கஷ்டம் எண்டு எழுதவேணும்.”

கடிதம் தரவேண்டியவள் ஜினெட். ஆய்வுகூடத்தின் தலைவி, ஐம்பத்தைந்து வயது, மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அதையே தேடுகிற பெண். கேட்டவுடனேயே, “அதற்கென்ன, சந்தோஷமாக எழுதித் தருகிறேன்” என்றாள்.

அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று மாக்கிரட் யோசிப்பதில்லை. யோசித்தால் வேலை அனுமதி டிசம்பரில் முடிவது ஞாபகம் வரும். கடவுச்சீட்டு குடிவரவுத் திணைக்களத்தில் கிடப்பது ஞாபகம் வரும். மகள் துஷாந்தினியை ஒன்பது வயதில் தமக்கையிடம் விட்டுவந்தாள். இப்போது அவளுக்குப் பதினேழு. அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்தால் இங்கே திரும்பிவர முடியாது. இங்கே இருந்தால் பிள்ளையைக் கூப்பிட முடியாது. எட்டு வருடமாக அவளால் ஒரு பக்கமும் அசைய முடியவில்லை.

தவறு நடந்தது அந்த வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை.

மழைக்கு முன் தோண்டி முடிக்கவேண்டும் என்று களத்தில் அவசரப்பட்டிருந்தார்கள். பைகள் குவிந்துவிட்டன. ஜினெட் கேட்டுக்கொண்டதால் மாக்கிரட் சனிக்கிழமை காலை தனியே வந்து கழுவினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் இலக்கப் பையில் பதினாலு துண்டுகள் இருந்தன. எல்லாம் ஒரே சட்டியின் துண்டுகள் என்று பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்தது. நல்ல கை. வாய்விளிம்பைச் சுற்றிச் சோளக்கதிர் போல வரிவரியாகக் கீறி, அதற்குக் கீழே நாணற் குழாயால் குத்திய சின்ன வட்டங்கள், மூன்று மூன்றாக. இரண்டு கண், ஒரு வாய். முகங்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

உட்புறம்தான் சரியில்லை. அடித்துண்டுகளில் தடித்த கறுப்பு அப்பியிருந்தது; மேல்துண்டுகளில் ஒரு மட்டம் வரைக்கும் ஏறியிருந்தது. தூரிகையால் தேய்த்தாள், அசையவில்லை. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அடிப்பிடித்த சட்டி. எத்தனை ஆயிரம் தரம் தேய்த்திருப்பாள்!

இந்தச் சட்டிக்காரியை நினைத்தபோது அவளுக்கு ஒருவிதமாக இருந்தது. இவ்வளவு அழகாகக் கீறியவள் அடிப்பிடித்த சட்டியை அப்படியே வைத்திருப்பாளா? கழுவ நேரம் கிடைத்திருக்காது. ஓடவேண்டி வந்ததோ, என்னவோ. இனி இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊரே பார்க்கப்போகிறது. ஒரு பெண் சமைத்த சட்டியை இந்தக் கோலத்தில் மற்றவர்களுக்குக் காட்டுவது வெட்கக்கேடு. மாக்கிரட் வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் ஒளிப்பது அடிப்பிடித்த சட்டியைத்தான்.

சுடுதண்ணீர் பிடித்து ஒரு மணி நேரம் ஊறவைத்தாள். சாப்பாட்டறைத் தொட்டியிலிருந்து சட்டி தேய்க்கிற பச்சைப் பஞ்சை எடுத்துவந்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. தண்ணீர் மைபோல ஓடியது. வெளிப்புறத்தில் இருந்த புகைக்கரியையும் விடவில்லை. மத்தியானத்துக்குள் பதினாலு துண்டும் பளிச்சென்று, புதுச்சட்டி உடைத்த துண்டுகள் மாதிரித் தட்டில் காய்ந்தன. அவளுக்கு நிறைவாக இருந்தது. பேருந்தில் திரும்பும்போதும் அந்தச் சட்டிக்காரிக்கு ஒரு உதவி செய்ததாகவே நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நிறைவு போயிற்று.

றொஷினி ஒரு சின்ன ஓட்டுத் துண்டை வெள்ளிநிறத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதன் உட்புறம் கறுப்பாக இருந்தது.

“அதைத் தாவன், கழுவித் தாறன்,” என்றாள் மாக்கிரட்.

“ஐயோ, தொடாதேங்கோ அன்ரி! இதுதான் தங்கம்.” றொஷினி சிரித்தாள். “இந்தக் கருகலுக்குள்ள அவை சாப்பிட்ட சாப்பாடு இருக்கு. மைக்குரோஸ்கோப்பில பாத்தா சோளமோ, அவரையோ, மீனோ எண்டு சொல்லலாம். எந்தக் காலத்துச் சட்டி எண்டும் இதை வைச்சுத்தான் கண்டுபிடிக்கிறது. அதாலதான் கறுப்பு இருக்கிற பையெல்லாம் களத்திலயே சிவப்பு லேபிள் ஒட்டி நேர எனக்கு அனுப்புறவை. உங்களிட்ட வராது.”

“சிவப்பு ஒட்ட மறந்துபோனா?”

“மறக்கமாட்டினம். மறந்தாலும் பிரச்சினை இல்லை, மெல்லிய பிரஷ்தானே நீங்கள் போடுறது. அது அசையாது.”

மாக்கிரட் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தாள். பிறகு தட்டுகள் அடுக்கிய அலுமாரியைப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு மேலிருந்து மூன்றாவது. எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். அங்கேயும் யன்னல் இல்லை.

அன்று முழுக்க ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமைக் கடிதம் போய்விடும். கவனமானவள் என்று எழுதக் கேட்டிருக்கிறாள். போன சனிக்கிழமைதான் அறுநூறு வருடத்துச் சோற்றைத் தொட்டிக்குள் கழுவி ஊற்றியிருக்கிறாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சிவப்பு ஒட்டாதது அவள் பிழையும் இல்லை. ஆனால் பச்சைப் பஞ்சு அவள் பிழை. உட்புறத்தில் மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. யாராவது நின்று பார்த்தால் தெரியும். யாரும் நின்று பார்த்துவிடக்கூடாது என்று மாதாவிடம் கேட்டாள். கேட்டபிறகு, இதற்கெல்லாம் மாதாவிடம் கேட்கிறேனே என்று கூச்சமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும் இமெல்டாவிடம் சொன்னாள். இமெல்டா சந்தையில் மிஞ்சிய சோளக்கதிர்களை அவித்துக்கொண்டிருந்தாள்.

“நீ என்ன விசரியே?” என்றாள் இமெல்டா. “உடைஞ்ச சட்டிக்காக ஆராவது உண்மை சொல்லி நாடு கடத்தப்படுவினமே? வாயைப் பொத்திக்கொண்டு இரு.”

“ஜினெட் என்னை நம்பித்தானே வேலை தந்தவ.”

“அந்தச் சட்டிக்காரி செத்து அறுநூறு வருசம். உன்ரை பிள்ளை உயிரோட இருக்கு. ஆருக்காக நீ நிக்கிறாய்?”

இமெல்டா ஒரு சோளக்கதிரை எடுத்து உப்பைத் தடவி அவள் கையில் திணித்தாள். “தின். தின்னாமல் யோசிச்சா மண்டைதான் இடிக்கும். கடிதம் கையில வந்தாப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய். சாமியாருக்கும் ஒரு வேலை வேணும்தானே.”

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முதலில் கடிதம், பேந்து பார்ப்போம். புதன்கிழமை அந்த யோசனையோடுதான் வேலைக்குப் போனாள். காலையில் பேருந்துத் தரிப்பில் நின்றபடி மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள், அங்கே பின்னேரம். “ம்”, “ஓம்”, “தெரியேல்லை” என்று மூன்று பதில் சொன்ன துஷாந்தினி, வைக்கும்போது, “அம்மா, இந்த முறை சரிவருமே? இல்லாட்டி எனக்கு இப்பவே சொல்லுங்கோ, நான் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன்” என்றாள்.

“சரிவரும்,” என்றாள் மாக்கிரட்.

புதன் மத்தியானம் ஜினெட் இருநூற்றுப் பன்னிரண்டைக் கையில் எடுத்தாள். பதினாலு துண்டையும் மேசையில் பரப்பிப் பொருத்திப் பார்த்தாள். அவள் குரல் வரவர உயர்ந்தது. “றொஷினி, இங்கே வா! இப்படியொரு விளிம்பை நீ பார்த்திருக்கிறாயா? அதோடு உள்ளே பார், சுத்தம். வெளியேயும் கரி இல்லை. இது நெருப்பையே காணாத சட்டி. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் இது சாதாரணச் சட்டி இல்லை, ஏதோ சடங்குக்கு வைத்தது.” பிறகு திரும்பி, “மாக்கிரட், எவ்வளவு நன்றாகக் கழுவியிருக்கிறாய்! அந்த முகங்கள் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன!” என்றாள்.

“மெர்சி,” என்று நன்றி சொன்னாள் மாக்கிரட்.

அந்தச் சொல் வாயை விட்டுப் போனபோதுதான் அவள் உண்மையாகவே பூட்டப்பட்டாள். நேற்றுவரை அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தவள். இப்போது பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டவள்.

பின்னேரம் ஜினெட் கடிதத்தை அச்சடித்து வாசித்துக் காட்டினாள். றொஷினி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். கவனமானவர். நம்பிக்கையானவர். இவரிடம் கொடுத்த பொருளைப் பற்றி நாங்கள் இரண்டாம் முறை யோசித்ததே இல்லை. “நாளைக்குக் கையெழுத்து வைத்துத் தருகிறேன்,” என்று ஜினெட் அதை ஒரு நீல உறைக்குள் வைத்தாள். “காலையில் கானவாகேயிலிருந்து ஆள் வருகிறார்கள். அது முடிந்ததும் தருகிறேன்.”

கானவாகே, நதிக்கு அந்தப் பக்கத்தில் மோஹாக் மக்கள் வாழும் ஊர். தோண்டிய ஊரில் இருந்தவர்கள் தங்கள் முன்னோரைச் சேர்ந்தவர்கள் என்று அவர்கள் சொல்வதால், முக்கியமான பொருட்கள் கிடைத்தால் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம்.

வியாழக்கிழமை வந்தவள் நாற்பது வயதுப் பெண். மாக்கிரட்டைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருக்கலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பழைய சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள் என்று றொஷினி சொன்னாள். கையில் ஒரு கொப்பி. அதை மேசையின் ஓரத்தில் வைத்தாள். பிறகு முகங்கள் குத்திய விளிம்பை எடுத்துத் தன் பெருவிரலை அந்த வட்டமொன்றில் வைத்துப் பார்த்தாள்.

“இதில் என்ன சமைத்தார்கள்?” என்று கேட்டாள்.

மாக்கிரட் தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கேள்வி பிரெஞ்சில்தான் இருந்தது, அவளுக்கு விளங்கியது. இந்த நாட்டில் எட்டு வருடம் இருந்து, உணவகத்தில் தாச்சியும் கழுவியவளுக்கு விளங்காத கேள்வி இல்லை அது.

“ஒன்றுமே சமைக்கவில்லைப் போலிருக்கிறது,” என்றாள் ஜினெட். “நெருப்புப் பட்ட அடையாளமே இல்லை. அனேகமாக ஏதோ சடங்குக்காகச் செய்தது.”

“அடுப்படியில் வைத்தா?” அந்தப் பெண் புருவத்தை உயர்த்தினாள். “எங்கள் பெண்கள் இவ்வளவு பெரிய சட்டியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவா செய்தார்கள்?” ஆனாலும் கொப்பியைத் திறந்தாள். “சரி. நீங்கள்தானே படித்தவர்கள். பிள்ளைகளுக்கு அப்படியே சொல்கிறேன்.”

பேனா தாளில் ஓடிய சத்தம் மாக்கிரட்டுக்குக் கேட்டது. நாலு பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதிய அந்த அதிகாரியை அவள் ஒருநாளும் கண்டதில்லை; அவரும் அவளைக் கண்டதில்லை. கையில் கிடைத்த துண்டுகளை வைத்து அவர் ஒரு பெண்ணைச் செய்துவிட்டார், பயமில்லாத ஒருத்தியை. இப்போது இங்கே இன்னொருத்தியைச் செய்துகொண்டிருக்கிறார்கள், சமைக்காத ஒருத்தியை. அந்தச் சட்டி அடிப்பிடித்ததைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் ஈரக் கையோடு மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

நீல உறை ஜினெட்டின் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்தாள். மகளை நினைத்தாள். வாயை மூடியே வைத்திருக்க முழு மனதோடு முயன்றாள். அது முடியவில்லை.

“சமைச்சவ,” என்றாள் தமிழில்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“றொஷினி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு.”

“என்ன அன்ரி?”

“உள்ளுக்குக் கறுப்பு இருந்தது. தடிச்ச கறுப்பு. அடிப்பிடிச்சது. நான்தான் தேச்சுக் கழுவினனான். சுடுதண்ணியில ஊறவிட்டு, சட்டி தேய்க்கிற பஞ்சாலை. வெளியில கரியும் இருந்தது. எல்லாம் நான்தான்.”

றொஷினி அவளருகே வந்தாள். “அன்ரி, உங்களுக்கு என்ன சொல்லுறியள் எண்டு தெரியுமே?” என்று மெதுவாகக் கேட்டாள். “கடிதம் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை.”

“தெரியும். சொல்லு.”

றொஷினி சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. ஜினெட் அடித்துண்டு ஒன்றை எடுத்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் தேடி மாட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அந்தக் கீறல்களை இப்போது பார்த்தாள். துண்டை மிக மெதுவாக மேசையில் வைத்தாள்.

கானவாகேப் பெண்தான் முதலில் பேசினாள். “தேய்க்கக் கஷ்டமாக இருந்ததா?”

“ஒரு மணி நேரம் ஊறவைத்தேன்,” என்றாள் மாக்கிரட் தன் உடைந்த பிரெஞ்சில். “பிறகும் கஷ்டம்.”

“அப்படியானால் அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறாள்.” அந்தப் பெண் கொப்பியில் எழுதிய வரியை வெட்டினாள். “யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.” சிரிப்புப் போல ஒன்று அவள் முகத்தில் வந்தது, ஆனால் ஓடுகளைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. “என்ன சமைத்தாள் என்று இனி ஒருபோதும் தெரியாது, அப்படித்தானே?” என்றாள்.

“ஆம்,” என்றாள் ஜினெட்.

மாக்கிரட் தலையைக் குனிந்தாள். மன்னிப்புக் கேட்கப் பிரெஞ்சுச் சொல் தெரியும், அதைச் சொன்னாள். போதவில்லை என்றும் தெரிந்தது.

விருந்தாளி போனபிறகு ஜினெட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நீல உறையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“களத்தில் சிவப்பு ஒட்டவில்லை. அது எங்கள் பிழை. நானும் பார்க்காமல் பேசிவிட்டேன்,” என்றாள். றொஷினி நடுவில் நின்று தமிழாக்கினாள். “உன்னை வேலையிலிருந்து நிறுத்தமாட்டேன். நீ சொன்னது பெரிய விஷயம். ஆனால் நீ திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். புதன்கிழமை நான் பாராட்டியபோது சொல்லியிருக்கலாம். இதில் எழுதியிருப்பதில் இப்போது நான் கையெழுத்து வைக்க முடியாது, மாக்கிரட்.”

மாக்கிரட் கேட்க நினைத்தது ஒன்று இருந்தது. சொன்னதற்காவது நம்பிக்கையானவள் என்று எழுதக்கூடாதா என்று. கேட்கவில்லை. அன்று தொட்டிக்குத் திரும்பி, மிச்சப் பைகளைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுக் கடிதம் கிடைத்தது. மூன்று வரி. மாக்கிரட் இந்தத் திகதியிலிருந்து இங்கே வேலை செய்கிறார். வாரத்துக்கு இத்தனை மணி நேரம். வேலையில் தொடர்ந்து இருக்கிறார். கையெழுத்து. றொஷினி அதைப் படம் எடுத்துச் சட்டத்தரணியின் கந்தோருக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“அக்கா, இவ்வளவுதானே?” என்று அந்தப் பெண் கேட்டாள். “இதில ஒண்டுமே இல்லையே.”

“இவ்வளவுதான்.”

“சரி, அனுப்புறன். ஆனா சரிவருமெண்டு நான் சொல்லேல்லை, சரியே.”

இமெல்டாவுக்கு அவள் தொலைபேசியில் சொல்லவில்லை. மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்து, அதையும் தள்ளிவைத்தாள்.

பின்னேரம் ஜினெட் பதினாலு துண்டுகளின் உட்புறத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து, பெரிய தாள்களில் அச்சடித்து வந்தாள். ஒரு பென்சிலையும் வைத்தாள். “கறுப்பைக் கண்டது நீ மட்டும்தான். எந்தத் துண்டில் எவ்வளவு உயரத்துக்கு இருந்தது, எங்கே தடிப்பாக இருந்தது என்று வரைந்து தா. பரிசோதனைக்கு அது உதவாது. அறிக்கையிலாவது இருக்கட்டும்.” இன்னமும் அவள் முகம் முன்போல இல்லை. ஆனால் முக்காலியை இழுத்து மாக்கிரட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாக்கிரட் கண்ணை மூடினாள். கை எங்கெங்கே பலமாகத் தேய்த்தது என்பது கைக்கு ஞாபகம் இருந்தது. அடித்துண்டுகள் நாலையும் முழுக்க நிழலாக்கினாள். அடுத்த ஆறு துண்டுகளில் ஒரு மட்டக்கோடு போட்டாள். ஒன்றில் கோடு கோணலாக ஏறியது. கஞ்சி பொங்கி வழிந்தால் அப்படித்தான் ஏறும் என்று றொஷினிக்குச் சொன்னாள், றொஷினி அதை ஓரத்தில் எழுதினாள். இரண்டு விளிம்புத் துண்டுகளில் ஒன்றுமே இருக்கவில்லை. “இல்லை” என்று எழுதச் சொன்னாள்.

மிச்சம் இரண்டு. இரண்டும் நடுத்துண்டுகள். தாளை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அன்று அவற்றைத் தேய்த்த நேரம் வானொலியில் ஏதோ பாட்டு போனது. அவள் கேட்டுக்கொண்டே தேய்த்திருக்கிறாள்.

“பக்கத்துத் துண்டுகளின்ரை கோட்டை நீட்டிவிடுங்கோ அன்ரி,” என்றாள் றொஷினி. “அப்பிடித்தான் இருந்திருக்கும்.”

ஜினெட் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மணி நாலேகால். கந்தோர் பூட்டியிருக்கும், கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும், இனி அது திரும்பி வராது.

“இருந்திருக்கும்தான்,” என்றாள் மாக்கிரட். “நான் காணேல்லை.”

பென்சிலைத் தாளின் மேல் வைத்தாள். அந்த இரண்டு துண்டுகளின் படங்களையும் வெறுமையாகவே ஜினெட்டிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பையை எடுத்து, முதலில் அட்டையை வாசித்தாள்.